மூடியோடும் மூடியில்லாமலும்

என் பிக்கப்பின் பின்பெட்டி முதல் மூன்று ஆண்டுகள் வானம் பார்த்தபடியே கிடந்தது. கடந்த நான்கு ஆண்டுகளாக அதன்மேல் ரெக்சினால் ஆன, சுருட்டி வைக்கக்கூடிய மூடி ஒன்று இருக்கிறது. வண்டி அதேதான், நான் செய்யும் தச்சு வேலையும் அதேதான், ஏற்றுகிற சரக்கிலும் பெரிய மாற்றமில்லை. புதிதாகப் பிக்கப் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மூடி போடலாமா வேண்டாமா என்பதுதான். அதற்கு ஒரே சொல்லில் விடை சொல்ல என்னால் முடிந்ததில்லை. இரண்டு நிலைகளிலும் அதே வண்டியை ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில், எனக்குப் புரிந்ததை இங்கே முழுமையாக எழுதிவைக்கிறேன்.

மூடியைப் பற்றிப் பேசுமுன் பெட்டியை அளந்துவிட வேண்டும். என்னுடையது நான்கு கதவுள்ள கேபின் கொண்ட வண்டி என்பதால் பின்பெட்டி குட்டையானது. நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், ஆழம் அரை மீட்டர். சக்கரங்களுக்கு மேலுள்ள புடைப்புகளைக் கழித்துவிட்டால், பக்கச் சுவர்களின் விளிம்பு வரைக்கும் சுமார் ஒரு கன மீட்டர் இடம் கிடைக்கும். இந்த ஒரு கன மீட்டரைக் காய்ந்த மணலால் நிரப்பினால் அதன் எடை 1,600 கிலோவுக்கு அருகில் வரும். என் வண்டி ஏற்றக்கூடிய எடையோ ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. அதாவது, மணல், ஜல்லி, தரை ஓடு, சிமென்ட் மூட்டை, திருகாணிப் பெட்டி போன்ற சரக்குகளுக்குப் பெட்டி நிரம்பும் முன்பே வண்டி நிரம்பிவிடுகிறது. மூடிக்கு மேலுள்ள வெளி இவற்றுக்குத் தேவையே இல்லை.

அலமாரி, மெத்தை, நாற்காலி, காலி அட்டைப்பெட்டி ஆகியவற்றின் கணக்கு வேறு. நான் செய்கிற ஒரு துணி அலமாரி 80 கிலோ இருக்கலாம், ஆனால் படுக்க வைத்தாலும் பக்கச் சுவருக்கு மேல் ஒரு சாண் எழுந்து நிற்கும். அதற்கு வேண்டியது வண்டியின் பலமன்று, தலைக்கு மேலுள்ள காலி இடம். எடை முந்தி நிரம்பும் சரக்கு, இடம் முந்தி நிரம்பும் சரக்கு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கப் பழகிய பிறகுதான் மூடியைப் பற்றிய என் குழப்பம் தீர்ந்தது. முதல் வகையைச் சுமப்பவர் மூடியால் எதையும் இழப்பதில்லை. இரண்டாம் வகையைச் சுமப்பவருக்கு, மூடி போட்ட நாள் முதல் வண்டி பாதியாகிவிடுகிறது.

மூடியில்லாத மூன்று ஆண்டுகளில் எனக்குத் துணையாக இருந்தது தார்ப்பாய். தார்ப்பாய் கட்டுவது எளிய வேலை என்று எண்ணுபவர்கள் நெடுஞ்சாலையில் அதைக் கட்டிக்கொண்டு ஓட்டியதில்லை. முன்பக்க விளிம்பு விரற்கடை அளவு தூக்கிக்கொண்டிருந்தால் போதும், காற்று உள்ளே புகுந்து முழுத் துணியையும் பானையாக உப்ப வைத்துவிடும். பிறகு அது படபடவென்று அடிக்கத் தொடங்கும். அந்த அடியில் முதலில் போவது துணியன்று, கயிறு கோத்த உலோக வளையங்கள். ஒரு வளையம் பிய்ந்தால் அதன் சுமை அடுத்த வளையத்தின் மேல் விழும். சில கிலோமீட்டருக்குள் ஒரு பக்கம் முழுவதும் அவிழ்ந்து, கண்ணாடியில் பார்த்தால் நீலக் கொடி பறப்பது தெரியும். தார்ப்பாயின் முன்விளிம்பைச் சரக்குக்கும் கேபின் பக்கத்துச் சுவருக்கும் இடையில் செருகி, அதன்மேல் சரக்கின் எடையே அமரும்படி ஏற்றிய பிறகு பக்கங்களை இழுத்துக் கட்டினால் துணி அசையாது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. அப்படிக் கட்டி முடிக்க ஒவ்வொரு முறையும் 15 நிமிடமாவது ஆகும். மழை தூறத் தொடங்கிய பின் சாலையோரம் நின்று கட்டிய நாட்களில் துணிக்கு அடியில் இருந்த பலகை நனைந்த பிறகுதான் கட்டி முடித்திருக்கிறேன்.

திறந்த பெட்டியில் காற்று என்ன செய்கிறது என்பதை எனக்குக் காட்டியவை காய்ந்த இலைகள். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் இரவெல்லாம் இலை உதிரும். காலையில் கழுவாமல் அப்படியே புறப்பட்டால் அவை பின்பக்கமாகப் பறந்து போய்விடும் என்று முதலில் நினைத்தேன். 20 கிலோமீட்டர் ஓட்டிய பின் இறங்கிப் பார்த்தால், சில பறந்திருக்கும்; மீதமெல்லாம் பெட்டியின் முன்கோடியில், கேபின் சுவரை ஒட்டி, யாரோ பெருக்கிக் குவித்ததுபோல் கிடக்கும். வண்டி முன்னால் போகும்போது இலையும் முன்னால் போவது எப்படி என்று நெடுநாள் வியந்திருக்கிறேன். கேபினின் கூரையைத் தாண்டி வரும் காற்று பின்கதவின் மேல்விளிம்பை நோக்கிப் பாய்கிறது. அதில் ஒரு பகுதி அங்கே கீழிறங்கி, பெட்டியின் தரையை ஒட்டி முன்னோக்கித் திரும்பி, கேபின் சுவரில் மோதி மேலெழுகிறது. பெட்டிக்குள் ஒரு சுழல் ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கிறது. இலைகளைப் பெருக்கியது அந்தச் சுழல்தான்.

பின்கதவைத் திறந்து போட்டால் காற்று தடையின்றிப் போகும், எரிபொருள் மிச்சமாகும் என்ற பரவலான நம்பிக்கையைப் பொய்யாக்குவதும் இதே சுழல்தான். கதவு மூடியிருக்கும்போது உள்ளே உருளும் காற்று ஒரு மெத்தைபோல் நின்று, மேலே வரும் காற்றை வழுக்கிச் செல்ல வைக்கிறது. கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைந்து இழுவை கூடுகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த கெவின் கூப்பர், காற்றுச் சுரங்கத்தில் செய்த சோதனைகளின் அடிப்படையில் 2004-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, பின்கதவை மூடியே ஓட்டுங்கள் என்று தலைப்பிலேயே சொன்னது. பெட்டியின்மேல் தட்டையான மூடி போட்டால் இழுவை ஓரளவு குறையும் என்பதும் உண்மையே. ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுவது. 100 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதில் கால் பங்குதான் 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நகருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கு மூடியால் மிச்சமாவதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. நான் எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் குறித்து வைக்கும் ஏட்டில், மூடி போட்ட ஆண்டையும் போடாத ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் புலப்படவில்லை. எரிபொருள் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் மூடி வாங்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது.

அந்தச் சுழலால் வேறோர் ஆபத்து உண்டு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது. ஒருநாள் கண்ணாடிப் பலகைகளுக்கு இடையில் வைத்து அனுப்பியிருந்த தெர்மாகோல் துண்டுகளைத் திரும்பும்போது பெட்டியில் அப்படியே போட்டுவிட்டேன். எடையே இல்லாத பொருள், சுவரின் உயரத்துக்கு மிகக் கீழே கிடந்தது, பறக்காது என்று எண்ணினேன். வேகம் கூடியதும் ஒரு துண்டு எழும்பி, பின்னால் இருசக்கர வண்டியில் வந்தவரின் முகத்துக்கு நேரே போயிற்று. அவர் தலைக்கவசம் அணிந்திருந்தார், வண்டியும் தடுமாறி நின்றுவிட்டது, அவருக்கு அடிபடவில்லை. நான் ஓடிச்சென்று மன்னிப்புக் கேட்டபோது அவர் கைகள் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். காலிச் சாக்கு, அட்டை, மரச்சீவல், பிளாஸ்டிக் வாளி, எதுவாயினும் கட்டப்படாத இலேசான பொருள் திறந்த பெட்டியில் இருக்கக் கூடாது. நான் மூடி வாங்க முடிவு செய்ததற்கு மழையைவிட இந்த நிகழ்ச்சியே பெரிய காரணம்.

இவ்வகை மூடிக்கு டனோ கவர் என்று பெயர். டனோ என்பது பீப்பாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். தொடக்க கால மோட்டார் வண்டிகளில் திறந்திருக்கும் பின்னிருக்கைப் பகுதியை அவ்வாறு அழைத்தார்கள், ஆளில்லாதபோது அதன்மேல் விரிக்கும் துணியும் அந்தப் பெயரைப் பெற்றது. ஃபோர்டு நிறுவனம் 1925-இல் டி மாடல் வண்டியைத் தொழிற்சாலையிலேயே பின்பெட்டி பொருத்தி விற்கத் தொடங்கியபோது அந்தப் பெட்டி திறந்த பெட்டியாகவே இருந்தது. பிக்கப் பிறந்தது மூடியில்லாமல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வேன்.

மூடிகளில் பல வகை. ஒரே பலகையாக வரும் ஃபைபர் மூடி பார்வைக்கு அழகானது, பூட்டினால் பெட்டி காரின் டிக்கிபோல் ஆகிவிடும். ஆனால் உயரமான சரக்கு வரும் நாளில் அதைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும், கழற்றியதை வைக்க இடமும் வேண்டும். அலுமினியப் பட்டைகள் ஷட்டர்போல் உருண்டு உள்ளே போகும் வகையில், பட்டைகள் சென்றடையும் பெட்டகம் கேபின் ஓரத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றரை மீட்டர் நீளமே உள்ள என் பெட்டியில் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மூன்றாக மடியும் கெட்டிப் பலகை மூடி நல்ல வகைதான். மடித்து கேபினை ஒட்டி நிறுத்தினால் பின்கண்ணாடியை மறைக்கும், கூரை உயரத்தில் உள்ள மூன்றாவது பிரேக் விளக்கையும் மறைக்கும் என்பதை மட்டும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது சுருட்டும் ரெக்சின் மூடி. இரண்டு பக்கமும் உள்ள தாழ்ப்பாளை விடுவித்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, கேபின் ஓரத்தில் இரண்டு வார்களால் கட்டிவிட்டால் பெட்டி மீண்டும் வானம் பார்க்கும். ஒரே ஆள், ஒரே நிமிடம். துணி அலமாரியும் திருகாணிப் பெட்டியும் மாறி மாறி வரும் என் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

மூடி போட்டுவிட்டால் மழைநீர் உள்ளே வராது என்று நம்பியதுதான் அதன் பிறகு நான் செய்த முதல் தவறு. மழை பலமாக இருந்த ஒரு நாள், முனைகளுக்கு இன்னும் வண்ணம் பூசாத ஆறு அலமாரித் தட்டுகளைத் தரையிலேயே அடுக்கி, மூடியை இழுத்துத் தாழிட்டு நிம்மதியாக ஓட்டினேன். இறங்கிப் பார்த்தபோது மேலே நான்கு தட்டுகள் உலர்ந்திருந்தன. அடியில் இருந்த இரண்டின் வெட்டு முனைகள் நீரைக் குடித்து உப்பி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் தடித்திருந்தது. பிளைவுட்டின் முகப்பு நனைந்தால் துடைத்துவிடலாம், வெட்டு முனை நனைந்தால் பலகையே போயிற்று. நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, மறுநாள் பெட்டியின் தரை முழுவதும் பழைய செய்தித்தாளை விரித்து, மூடியைப் போட்டு, குழாய் நீரைப் பத்து நிமிடம் மேலே பீய்ச்சினேன். திறந்தபோது நடுவில் இருந்த தாள்கள் காய்ந்திருந்தன. பின்கதவின் இரண்டு பக்க இடுக்குகளுக்குக் கீழே இருந்தவையும், கேபின் பக்கத்து இரண்டு மூலைகளில் இருந்தவையும் நைந்துபோயிருந்தன.

பின்கதவுக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளி வண்டி செய்தவர்களே விட்டது. திறந்த பெட்டியில் விழும் மழை வழிந்தோட அது தேவை, ஆகவே அதை முழுவதும் அடைக்கவும் கூடாது. பக்கங்களில் ரப்பர் பட்டை ஒட்டினேன், கீழே விட்டுவிட்டேன். முன்மூலைகளில் கசிந்ததற்குக் காரணம், மூடியின் சட்டத்திலிருந்து நீரை வெளியேற்றும் மெல்லிய குழாய் மரத்தூளால் அடைபட்டிருந்ததுதான். அதை மாதத்துக்கு ஒருமுறை கம்பியால் குத்திச் சுத்தம் செய்கிறேன். இவற்றையெல்லாம்விட உதவியது, பெட்டியின் தரையில் நான்கு ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே போட்டதுதான். ஓரங்குல உயரம் போதும், வந்த நீர் அடியில் ஓடிப்போகும், பலகை அதைத் தொடாது.

மேலே தேங்கும் நீரையும் சொல்ல வேண்டும். என் மூடியின் பரப்பு ஏறத்தாழ 2.25 சதுர மீட்டர். ரெக்சின் தளர்ந்து அதன்மேல் சராசரியாக இரண்டு சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 45 கிலோ. அந்த எடையில் துணி மேலும் தொய்யும், தொய்ந்த குழியில் மேலும் நீர் சேரும். வெயிலில் ரெக்சின் இளகித் தளரும், குளிரில் சுருங்கித் தாழிட முடியாத அளவுக்கு விறைக்கும். இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று முன்சட்டத்தில் இருக்கிறது, பருவம் மாறும்போது அதைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். பக்கச் சட்டங்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப்களும் புதிதில் தளரும். பொருத்திய முதல் வாரத்திலேயே ஒருமுறை இறுக்கியிருந்தால் என் வண்டியின் விளிம்பில் வண்ணம் தேய்ந்திருக்காது. தளர்ந்த சட்டத்துக்கு அடியில் புழுதி புகுந்து, உப்புத்தாள்போல் உரசி, இரண்டு இடங்களில் இரும்பு தெரியும்வரை தின்றுவிட்டது. இப்போது அங்கே துருத் தடுப்பு பூசி, தடித்த ஒளிபுகு நாடா ஒட்டியிருக்கிறேன்.

திருட்டைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ரெக்சினைக் கத்தியால் கிழிக்கலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் கிழிக்க எவரும் எளிதில் துணிவதில்லை. அதுவும் பின்கதவு பூட்டப்பட்டிருந்தால்தான்.

மூடி சரக்கை மறைக்கும், பிடித்து நிறுத்தாது. ஐரோப்பாவில் சரக்கைக் கட்டுவதற்குள்ள தரவிதி, முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கங்களிலும் பின்னாலும் 0.5 பங்கு விசையையும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. திடீரென்று பிரேக் போட்டால் 100 கிலோ பெட்டி 80 கிலோ விசையோடு கேபினை நோக்கிப் பாயும் என்று வைத்துக்கொள்ளலாம். திறந்த பெட்டியில் சரக்கைக் கட்டிய பெல்ட் தளர்ந்தால் கண்ணாடியில் தெரிந்துவிடும். மூடிக்கு அடியில் தளர்ந்தால் சத்தம் கேட்கும்வரை தெரியாது. கேட்கும்போது ஏதாவது ஒன்று உடைந்திருக்கும். அதனால், மூடியிருக்கும் நாட்களில்தான் நான் கைப்பிடியை நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட்டைக் கூடுதலாகப் போடுகிறேன், புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தித் திறந்தும் பார்க்கிறேன்.

என் தொழிலில் தின்னரும் வார்னிஷும் அடிக்கடி வரும். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய பெட்டியில் தரையோடு தங்கி, வெயிலில் சூடேறி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். சமையல் எரிவாயு உருளையும் பெட்ரோல் கேனும் அப்படியே. இவை இருக்கும் நாளில் மூடியை முழுவதும் சுருட்டிவிடுகிறேன், மழையாக இருந்தாலும் சரி. பெட்டியில் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். கேனைப் பெட்டியில் வைத்தபடியே பெட்ரோல் நிரப்பினால், பிளாஸ்டிக் வழியே மின்னூட்டம் தரைக்கு இறங்க முடியாமல் தேங்கி, தீப்பொறியாகப் பாயக்கூடும். கேனைக் கீழே இறக்கித் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். மூடிக்கு அடியில் ஆட்களையோ நாயையோ ஏற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். அங்கே வெப்பம் வெளியேறாது, புகைக்குழாயின் நச்சுப்புகை இடுக்குகள் வழியே உள்ளே வரும், உள்ளிருப்பவர் படும் பாடு ஓட்டுபவருக்குத் தெரியாது.

முழு பிளைவுட் பலகை வரும் நாளில் மூடி பாதி உதவும். 2.44 மீட்டர் நீளமும் 1.22 மீட்டர் அகலமும் உள்ள பலகை, 18 மில்லிமீட்டர் தடிமனில் 32 கிலோ இருக்கும். என் வண்டியில் சக்கரப் புடைப்புகளுக்கு இடையே அது அடங்காது, அவற்றின்மேல் குறுக்குக் கட்டை போட்டு அதன்மேல்தான் படுக்க வைக்க வேண்டும். பின்கதவைத் திறந்து, மூடியைத் தாழிட்டபடியே பலகையை உள்ளே தள்ளினால் முன்பாதி மழைக்கும் புழுதிக்கும் தப்பும். வெளியே நீட்டும் 94 சென்டிமீட்டருக்கு, மூடியை வாங்கிய பிறகும் நான் தூக்கியெறியாமல் வைத்திருக்கும் அந்த நீலத் தார்ப்பாயைத்தான் சுற்றுகிறேன். கடைசியில் சிவப்புத் துணி.

நண்பர் ஒருவர் அண்மையில் பிக்கப் வாங்கி, எந்த மூடி வாங்கலாம் என்று கேட்டார். மூன்று மாதம் எதையும் வாங்காமல், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் சரக்கின் எடையையும், அது பக்கச் சுவருக்கு மேல் எழுகிறதா என்பதையும் ஒரு ஏட்டில் குறித்து வரச் சொன்னேன். அவர் செய்வது நாற்காலி வாடகைத் தொழில். நேற்று அந்த ஏட்டைக் கொண்டுவந்து காட்டினார். 31 நடைகள் குறித்திருந்தார். 26 நடைகளில் சரக்கு சுவரைத் தாண்டியிருந்தது, ஒன்றில்கூட 300 கிலோவைத் தாண்டவில்லை. தார்ப்பாயின் முன்விளிம்பை எப்படிச் செருகுவது என்பதை அவர் வண்டியிலேயே, அவர் நாற்காலிகளை வைத்தே, ஒருமுறை கட்டிக் காட்டினேன். இரண்டாம் முறை அவரே கட்டினார்.